அரக்கும் கத்தரிப்பூவும்

சிறுநீருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்வார். நோயாளிகள் விஷயத்தில் அவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவர் சொன்னது ஓரளவு சரிதான். ஆனால் சிறுநீர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நாம் கேட்டது எந்தக் கேள்வி என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பார்மசி படித்தபோது இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய காசநோய் மருந்தகத்தில் வேலை பார்த்தேன். வீடு வாலாஜாபாத்தில். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். டாக்டர் ஒருவர், பார்மசிஸ்டாக நான், வீடு வீடாகச் சைக்கிளில் போய்வரும் ஊழியர் ஒருவர், இவ்வளவுதான் எங்கள் பட்டாளம். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுப்பது அப்போது ஊருக்குப் புதிது. நர்சம்மா என்று கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று எரிந்து விழுந்து பார்த்தேன். பிறகு மருந்தம்மா ஆனேன். அதற்கு மேல் திருத்தவில்லை.

நாங்கள் கொடுத்த முக்கியமான மாத்திரைக்கு பி.ஏ.எஸ். என்று பெயர். அதை ஒன்றிரண்டு என்று கொடுப்பதில்லை, கைப்பிடி கைப்பிடியாகக் கொடுப்போம். ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடப் பெரிது. விழுங்கினால் வயிறு குமட்டும், பலருக்குப் பேதியாகும். இதை ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்துவிடும், உடம்பில் சதை போடும். அதற்கப்புறம் எதற்கு இந்த அவஸ்தை என்று மனிதனுக்குத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாதியில் விட்டால் கிருமி திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பும். அதனால்தான் சோதனை வைத்தார்கள்.

சோதனை சுலபம். சைக்கிள் ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சிறுநீர் வாங்கி வருவார். காசநோய் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள் என்பதால் அவர் தெருவில் பாலிசி ஏஜெண்டு வேஷம் போட்டுக்கொண்டு திரிந்தார். ஒருவர் நிஜமாகவே பாலிசி கேட்டுவிட்டாராம். வந்த சிறுநீரில் கொஞ்சம் குழாயில் ஊற்றி பெரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விடுவேன். மாத்திரை சாப்பிட்டிருந்தால் நிறம் மாறும், சாப்பிடாவிட்டால் மாறாது. பாடப்புத்தகம் அந்த நிறத்தைச் செம்பழுப்பு என்றது. பட்டு நெய்கிற ஊரில் அந்த வார்த்தைக்கு வேலையில்லை. அது அரக்கு. முகூர்த்தப் புடவைக்கு முதலில் கேட்கிற அதே அரக்கு.

நான் சொல்ல வந்த தறிக்காரருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கெட்டிக்கார நெசவாளி என்று தெருவில் பேர். அவருடைய மனைவி அவருக்குப் பக்கத்திலேயே தறியில் உட்காருபவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் கரையில் நாடாக் கட்டையை எறிய இன்னொருவர் வேண்டும். அந்த அம்மாள் காலை முதல் இருட்டும்வரை கணவனுக்குக் கை எட்டுகிற தூரத்தில், அவர் இருமுகிற பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்தார். டாக்டரின் கவலை அதுதான். கணவர் சளியில் கிருமி ஒழிந்துவிட்டால் அந்த அம்மாள் தப்பினார். ஒழியாவிட்டால் இன்று இல்லாவிட்டாலும் நாளை.

ஒழியவில்லை. மாதம் தவறாமல் சளி பார்த்தோம், கிருமி இருந்தது. மாதம் தவறாமல் சிறுநீரும் பார்த்தோம், நிறம் மாறியது. மருந்து சாப்பிடுகிறார், நோய் போகவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று டாக்டர் முடிவு கட்டினார்: கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. இனி இங்கே வைத்துப் பயனில்லை, தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வேறு மருந்து பார்க்க வேண்டும் என்றார். தாம்பரம் என்றால் பல மாதம். தறி சும்மா கிடக்கும், தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

அந்த வாரம் ஊழியர் கொண்டு வந்த பாட்டில்களில் வரிசையாகச் சொட்டு விட்டுக்கொண்டு வந்தேன். தறிக்காரருடைய குழாய் மற்றவற்றுக்குப் பக்கத்தில் நின்றபோது கண்ணை உறுத்தியது. மற்றவை அரக்கு. இது கத்தரிப்பூ. தனியாகப் பார்த்திருந்தால் நிறம் மாறியிருக்கிறது என்று ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். வெளுத்ததெல்லாம் பால் என்பது போல, மாறியதெல்லாம் மருந்து என்றுதான் அந்த வேலையில் கை பழகிவிடுகிறது. மருந்து பழையதா, கரைசல் கெட்டுவிட்டதா என்று யோசித்தேன். கரைசல் கெட்டிருந்தால் எல்லாக் குழாயும் கெட வேண்டும்.

மறுநாள் மருந்து வாங்க அவர் மனைவி வந்தார். தறியை விட்டு அவர் வரமாட்டார், எப்போதும் இந்த அம்மாள்தான். கையில் பூக்கூடை. மருந்துப் பொட்டலம் அடியில் போகும், மேலே கதம்பம் வரும்.

“வீட்டுக்காரர் வேற ஏதாச்சும் மாத்திரை போடறாரா?” என்று கேட்டேன்.

“வேற இன்னாமா போடப் போறாரு? தறிக்குழில கால தொங்கப் போட்டுக்கினே இருக்கறதுல மொழங்கால் வலி. கடையில ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்குவாரு. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. அத்த போட்டாத்தான் மிதிக்கவே முடியுது.”

ஆஸ்பிரினும் பி.ஏ.எஸ்ஸும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டுக்குமே பெரிக் குளோரைடு நிறம் கொடுக்கும், ஒன்றுக்கு அரக்கு, மற்றதற்குக் கத்தரிப்பூ. பரீட்சைக்குப் படித்ததுதான். படித்தது தலையில் இருப்பதும் வேளைக்குக் கைக்கு வருவதும் வேறு வேறு.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். “நானும் படிச்சதுதாம்மா இது. ரெண்டாவது டெஸ்ட்டு ஒண்ணு இருக்குது, அத பண்ணிப் பாத்துடுங்க” என்றார். பி.ஏ.எஸ்ஸில் மட்டும் இருக்கிற ஒரு பகுதியைப் பிடிக்கிற சோதனை அது. பி.ஏ.எஸ். இருந்தால் மஞ்சள் ஏற வேண்டும், ஆஸ்பிரின் மட்டும் இருந்தால் ஏறாது. அதற்கான ரசாயனம் எங்களிடம் இல்லை. வரவழைத்துச் செய்தேன். பக்கத்துக் குழாய்களில் மஞ்சள் பளிச்சென்று ஏறியது. தறிக்காரர் குழாய் அப்படியே இருந்தது. ஒரு துளி பி.ஏ.எஸ். கூட அதில் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இந்த மனிதர் எங்களை ஏமாற்றுகிறார், பெண்டாட்டியைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறார் என்று பொருமிக்கொண்டு, ஊழியர் வழி காட்ட, நானே பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். சாயம் தோய்த்த பட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் குழியில் இருந்தார், மனைவி பக்கத்தில். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“மாத்திரை சாப்பிடறீங்களா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

“சாப்புடறேன்மா” என்றார், கொஞ்சமும் தயங்காமல். மனைவியும் தலையாட்டினார்.

“எப்போ?”

“பாவு தீந்தப்புறம்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒன்றும் மறைக்கவில்லை, பெருமையாகக்கூடச் சொன்னார். தறியில் நெடுக்காக ஏற்றிய நூல்தான் பாவு, ஒரு பாவில் மூன்று புடவை வரும். நெய்யும்போது அந்த மாத்திரையைப் போட்டால் வயிறு நிற்காது. “நடுவுல எழுந்துக்கினா நூல் எளகிப் பூடும்மா. திரும்பி ஒக்காந்து அடிச்சா அந்த எடத்துல கோடு விழும். பொடவைய வெளிச்சத்துல புடிச்சா காட்டிக் குடுத்துடும். இவளும் எத்தினி தடவ நாடாவக் கையில வெச்சிக்கினு குந்தினு இருப்பா? அதான் பாவு அறுத்துட்டு, அடுத்த பாவு பிணைக்கிற வரைக்கும் சும்மா இருக்கசொல்ல, அல்லாத்தையும் சேத்துப் போட்டுக்குவேன். ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. ஒண்ணுகூட வீணாக்குனதில்ல.”

ஜரிகைக் கண்டு வைக்கிற தகர டப்பாவைத் திறந்து காட்டினார். எங்கள் மாத்திரைகள் நிறைந்திருந்தன. ஈரம் படாமல் கீழே அரிசி பரப்பியிருந்தார். ஊரில் எந்தப் பார்மசியும் அவ்வளவு பத்திரமாக மருந்து வைத்து நான் பார்த்ததில்லை.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் நாள் கணக்கில் வாழ்கிறவர் இல்லை, பாவு கணக்கில் வாழ்கிறவர். தினமும் சாப்பிடு என்று நாங்கள் சொன்னதை அவர் மீறவில்லை, தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். மொத்தத்தில் நேர் செய்தால் போதும் என்று நினைத்தார். கிருமிக்குத் தினமும் அடி விழ வேண்டும், விட்டு விட்டு அடித்தால் அது தேறிக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாவு மாற்றுகிற நாளில் ஊழியர் போயிருந்தால் நல்ல அரக்கு நிறமே வந்திருக்கும், அப்போதும் நாங்கள் ஏமாந்திருப்போம். சிறுநீர் இன்றைக்கு என்ன உள்ளே போனது என்று சொல்லும். போன வாரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

டாக்டர் எளிதாகவே வழி செய்தார். மாத்திரையை வேளை வேளையாகப் பிரிக்காமல், தறியை விட்டு எழுந்து இரவுச் சோறு தின்றபின் மொத்தமாகப் போடச் சொன்னார். வயிறு ராத்திரியில் என்ன செய்தாலும் புடவையில் கோடு விழாது. முழங்காலுக்கு ஆஸ்பிரினை நிறுத்தித் தைலம் கொடுத்தோம். தாம்பரம் வேண்டாம், முதலில் இதைப் பார்ப்போம் என்றார். கிருமி முழுசாகப் பழகிவிடவில்லை, அது அதிர்ஷ்டம்தான். மாதங்கள் ஆயின. சளி சுத்தமானது. கத்தரிப்பூ போய் அரக்கு வந்தது, இரண்டாவது சோதனையில் மஞ்சளும் வந்தது. அதற்குப் பிறகு மருந்து ஜன்னலில் யார் வந்தாலும் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த வேளையில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் நான் பொட்டலம் கொடுத்ததில்லை. தலைவலி மாத்திரையை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை, கேட்டால்தான் நினைவு வரும். மருந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர் வந்தது.

அவர் தேறிக்கொண்டு வந்த அந்த மழைக்காலத்தில் அவர் மனைவிக்கு இருமல் பிடித்தது. முதலில் சாயப் புகை என்றார்கள். சளியில் கிருமி இருந்தது.

இப்போது பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்கத் தறிக்காரர் வந்தார். தறியை மூடிவிட்டு வந்தார். கரைக்கு உட்கார வேறு ஆள் வைக்க மனசு வரவில்லை என்றார். அந்த அம்மாளின் முதல் பாட்டிலில் நான் சொட்டு விட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அரக்கு, சுத்தமான அரக்கு. இரண்டாவது சோதனையில் மஞ்சளும் ஏறியது. எல்லாம் சரியாக இருந்தது, எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

அந்த அம்மாள் ஒரு நாள் தானே வந்தார். இளைத்துப் போயிருந்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் பேச்சில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் இன்றும் என்னை விடவில்லை.

“அவரு பொய் சொல்றவரு இல்லமா. பாவு தீந்தப்புறம் சாப்புடறேன்னு மொத மாசமே சொல்லியிருப்பாரு. மாசா மாசம் வந்தவங்க பாட்டிலத்தான் கேட்டாங்க. அவர யாரும் கேக்கல.”