அப்பாவின் ரிவால்வர் ஒரிஜினல்தான்

மல்லாட்டைக் காயை, அதாவது வேர்க்கடலையை, காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால், உள்ளே பருப்பு நிறைந்திருக்கிறதா சுருங்கிப்போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். திண்டிவனத்தில் அப்பா விட்டுப்போன மண்டியை நடத்துகிறவள் நான். சரக்கு விஷயத்தில் என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பொய் மட்டும் இல்லை.

அதனால்தான் அப்பாவின் ரிவால்வரைச் சித்தப்பா “டம்மி பீஸு” என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது தாத்தா வாங்கியது. மண்டிப் பணத்தோடு விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் போய்வந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து இடுப்பில் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு மூத்த மகனான அப்பாவுக்கு வந்தது. அப்பா போன பிறகு, ஒரே பெண் என்பதால் எனக்கு. அது சும்மா வந்துவிடவில்லை. விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்தது.

“துப்பாக்கி எதுக்கும்மா உனக்கு?” என்று அங்கே ஓர் அதிகாரி கேட்டார்.

“எங்க அப்பாவுது சார்.”

அது பதிலாகாது என்றார். நானும் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். கடைசியில் என் தொல்லை தாங்காமலோ என்னவோ லைசென்ஸ் வந்தது.

“சுத்தமான இங்கிலாந்து சரக்கு” என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். ஆயுத பூஜை அன்று அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தராசுக்குப் பக்கத்தில் வைப்பார். சித்தப்பாவுக்கும் அதே தெருவில்தான் கடை. பொரி கடலை வாங்க வரும் சாக்கில் எட்டிப் பார்த்து, “இன்னா பாப்பா, தீபாவளிக்கு ரோல் கேப் வாங்கியாச்சா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அப்பா மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். ஆனாலும் இந்தக் கேலிக்கு மட்டும் வாயைத் திறக்கமாட்டார். தம்பி மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா இறந்த பிறகாவது சித்தப்பா விட்டாரா? இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், “எங்க அண்ணன் அந்த ரிவால்வர வெச்சிக்கினு ஊரையே மெரட்டிக்கினு இருந்தாரு. அது வெடிக்கவே வெடிக்காது. பொம்மை!” என்றார். பந்தியே சிரித்தது. செத்துப்போன மனுஷனைப் பொய்யன் என்று சொல்வதற்கு இதைவிட வேறு வார்த்தை வேண்டுமா? அப்பாவின் சொல்லைக் காப்பாற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இலையை மூடிவிட்டு அங்கேயே சொன்னேன்.

“மெட்ராசுக்கு எடுத்துக்கினு போய்த் துப்பாக்கிக் கடையில காட்டிட்டு வர்றேன் சித்தப்பா. ஒரிஜினல்னு சொல்லிட்டான்னா, இதே மாதிரி நாலு பேரு முன்னாடி நீங்க வாபஸ் வாங்கணும்.”

“போம்மா போ” என்றார் அவர். அந்த இடத்தில் ஏனோ சிரிக்கவில்லை.

கடைக்காரரிடம் போகும் முன் நானே பார்த்துவிடுவது என்று செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். பிடியிருக்கும் உடல், குண்டு போடும் உருளை, குழல், மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இருந்தது. இங்கிலாந்தில் சோதித்து அடிக்கும் கிரீட முத்திரை இருக்க வேண்டும். அந்த இடத்தில் பல வருடத்துச் சந்தனம் கெட்டியாக அடைத்திருந்தது. சேஃப்டி பின்னை வைத்து நோண்டி எடுத்ததும் குட்டிக் கிரீடம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு முத்திரையைவிட முக்கியம் தேய்மானம். பழசு மாதிரி செய்த போலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். நிஜமான பழசு கைபடும் இடத்திலும் உறை உரசும் இடத்திலும் மட்டும் தேயும். இதில் கருநீல மெருகு குழலின் நுனியிலும் உருளையின் மேட்டிலும் மட்டுமே வெளுத்திருந்தது. சந்தேகமே இல்லை என்று எழுந்தேன்.

சாப்பாட்டுப் பையில் எலுமிச்சைச் சாத டப்பாவுக்கு அடியில் ரிவால்வரையும் லைசென்ஸையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சென்னையில் பழைய துப்பாக்கிக் கடை ஒன்றின் முதலாளி, லென்ஸை வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“ஒரிஜினல்தாம்மா. நம்பர் எல்லாம் ஒண்ணு. ஸ்க்ரூகூட மாத்தல. வெளிநாட்டுத் துப்பாக்கி இம்போர்ட்ட நிறுத்தினதுல இருந்து இதுக்கெல்லாம் செம கிராக்கி.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பந்தி மொத்தத்தையும் அந்தக் கடைக்குள் கூட்டிவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

ரிவால்வரின் பின்பக்கத்துச் சுத்தியலை இழுத்தவர், அப்படியே நின்றார். “இதோட மூக்கு எங்கம்மா?”

எனக்குப் புரியவில்லை. சுத்தியலின் முகத்தைக் காட்டினார். அங்கே பறவை அலகு மாதிரி ஒரு முனை இருக்க வேண்டுமாம். அதுதான் போய்க் குண்டின் அடியில் குத்துமாம். இதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

“தேஞ்சது இல்ல. யாரோ வேணும்னே அரத்தால ராவியிருக்காங்க. குண்டு போட்டு அமுக்கினாலும் டிக்குனு சத்தம்தான் வரும். இப்படியே வித்தா பாதி விலைதான்.”

கூத்தாக இருந்தது. துப்பாக்கி ஒரிஜினல், ஆனால் வெடிக்காது. நானும் ஜெயித்தேன், சித்தப்பாவும் ஜெயித்தார். இதை எப்படிச் சாமர்த்தியமாகச் சொல்லிச் சித்தப்பாவை மடக்கலாம் என்று மேல்மருவத்தூர் தாண்டும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான்தான்டி ராவினேன்.”

1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே வருடம்தான் எங்கள் மண்டியும் அண்ணன் தம்பிக்குள் பிரிந்தது. நான் அப்போது விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘பாகம் பிரிந்தாயிற்று’ என்பதற்கு மேல் என் காதுக்கு எதுவும் வரவில்லை.

“பின்னால இருக்குற கொடோன் யாருக்குன்னு சண்ட. உங்கப்பாவுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. ‘அவன சுட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்’னு தெனம் சொல்லிக்கினு இருந்தாரு. வெறும் வாய்ப்பேச்சுன்னாங்க எல்லாரும். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? எது போயி குத்தும்னு பூஜைக்குத் தொடைக்கறப்ப அவரே எனக்குக் காட்டியிருக்காரு. அவரு மண்டிக்குப் போனதும் பீரோவத் தொறந்து உக்காந்து ராவினேன். கை காப்பு காச்சிப்போச்சு.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா, ஒரு நாளு எடுத்துக்கினு போயிட்டாரு. கொடோன்ல உங்க சித்தப்பா ஒண்டியா இருந்தாரு. உங்கப்பா நேருக்கு நேரா நின்னு அமுக்கிட்டாரு. வெடிக்கல. வூட்டுக்கு வந்து சின்னப் பிள்ளையாட்டம் அழுதாரு. அப்பதான் நான் ராவினத சொன்னேன். கொடோனைத் தம்பி பேருக்கே எழுதிக் குடுத்துட்டாரு.”

“சித்தப்பாவுக்கு இது தெரியுமா?”

“யாருடி சொல்றது? ‘நெசமாத்தான் சுட்டாரு, நான் ராவினதால பொழைச்சே’ன்னா? அத்த டம்மின்னு நெனச்சிக்கினாரு. அண்ணன் சும்மா மெரட்டத்தான் வந்தாருன்னு மனசத் தேத்திக்கினு, மறுபடியும் இந்த வூட்டு வாசப்படி ஏறினாரு. பொம்மை பொம்மைன்னு அவரு சொல்லிக்கினே இருக்கறது உங்கப்பாவத் தூக்கிப் பேசறதுக்குத்தான்டி.”

என்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டிய அப்பா, கூடப் பிறந்தவனின் நெஞ்சுக்கு நேரே விசையை அழுத்தியிருக்கிறார். அம்மா மட்டும் அந்த அரத்தை எடுக்காமல் இருந்திருந்தால், நான் கொலைகாரனின் மகள். அப்பா மேல் கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மண்டி திறந்ததுமே சித்தப்பா வந்துவிட்டார். வழக்கமான கேலி இல்லை. ஒரு காயை எடுத்து உடைத்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“மெட்ராசுல இன்னா சொன்னான்?”

அவர் பார்வை என் வாயை விட்டு நகரவில்லை. பரீட்சை முடிவுக்கு நிற்பவர் போல நின்றார். எழுபதைத் தாண்டிய மனுஷன். அவர் என்ன பதிலுக்காக நிற்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

“டம்மிதான் சித்தப்பா” என்றேன். “குண்டுல குத்துற மூக்கே வெக்காம செஞ்ச பீஸாம். எவனோ தாத்தாவ நல்லா ஏமாத்திட்டான்.”

“அண்ணனுக்கு அது தெரியுமாமா?”

“வருசா வருசம் தொறந்து தொடைச்சவரு. தெரியாமயா இருக்கும்? மொதல்ல இருந்தே தெரிஞ்சிருக்கும்னு கடைக்காரரு சொன்னாரு.”

சித்தப்பா பக்கத்து மூட்டையின் மேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்துகொண்டே இருந்தது.

“நான்தான் அப்பவே சொன்னேனே பாப்பா” என்றார். “எங்க அண்ணன் என்னைச் சுடுவாரா?”

“மாட்டாரு சித்தப்பா” என்றேன்.