ஒரு வரி அடைத்த குரல்

என் கணவர் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் பதினாறு வருடம் பஸ் ஓட்டியவர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்து, கடைசியில் வலது ஆள்காட்டி விரலும் கண்ணிமைகளும்தான் மிஞ்சின. மடிக்கணினித் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலுக்கடியிலிருக்கும் பொத்தானை அழுத்துவார். சொல் முடிந்ததும் கணினி அதை உரக்கச் சொல்லும். காத்தான்குடியில் கணினி திருத்தும் என் சிநேகிதி செய்து தந்த ஏற்பாடு அது. காலையில் கறுப்புக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஒரு வரி தட்டுவேன். அவர் பேசத் தொடங்குவார்.

அதே கணினியில்தான் நானும் வேலை பார்த்தேன். வாவிக்கரை வயல் வட்டைகளுக்கு வரைபடம் போடும் வேலை. அதற்காக ஒருநாள் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவினேன். கட்டளைச் சாளரம் திறக்கும்போதெல்லாம் வாசிக்கும் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கும்படி அதன் குறிப்பில் இருந்தது. என்னவென்று விளங்காமலே ஒட்டினேன்.

மறுநாள் காலை அவரைச் சாய்கதிரையில் இருத்திவிட்டு வழக்கமான வரியைத் தட்டினேன். சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்து நின்றது. திரும்பத் தட்டினேன். அதே செய்தி. கணினியை அணைத்துப் போட்டேன். பேச்சு மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். வரைபட மென்பொருளையும் அழித்தேன். எதற்கும் அசையவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்களில் நீர் வழிந்தது.

சிநேகிதிக்கு எடுத்தால் தொலைபேசி அணைந்திருந்தது. ஒரு மட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டேன். ‘எ’யில் கண்ணை மூடினார். அடுத்த எழுத்துக்குள் களைத்துப்போனார்.

“எரியுதா? எழும்பி இருக்கணுமா? எலும்பு நோகுதா?”

எதற்கும் இமை மூடவில்லை. தூக்கி நிமிர்த்தினேன், காலைத் தடவினேன், தண்ணீர் கொடுத்தேன். கடைசியில் “என்னண்டு சொல்லுங்களன்!” என்று கத்திவிட்டேன். சொல்ல முடியாத மனிதரிடம் கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பவும் முடியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

பின்நேரம் மூன்று மணிக்குச் சிநேகிதி எடுத்தாள்.

“புதுசா என்னவும் போட்டயா கா?”

“போட்டன். ஆனா அழிச்சிட்டன்.”

“சரி, சூழல் மாறிகள், அதான் மென்பொருளெல்லாம் பார்த்து நடக்கிற குறிப்புகள், எல்லாத்தையும் கணினியக் காட்டச் சொல்லி, ஒவ்வொண்டா வாசி.”

வாசித்தேன். பாதியில் மறித்தாள்.

“நில்லு. ரெண்டு மென்பொருளையும் ஓட வைக்கிற பைதன் இருக்கிற இடத்தைச் சொல்ற மாறி அது. உண்ட வரைபட மென்பொருள் அதில தன்ட விலாசத்தைப் போட்டிருக்கு. அவர்ட மென்பொருளும் அந்த விலாசத்துக்குத்தான் போய்த் தேடுது. அங்க இருந்தது அவர்ட மென்பொருளுக்கு ஒத்துவராத பைதன். இப்ப அதுவும் இல்ல.”

“நான்தான் அழிச்சிட்டனே!”

“மென்பொருளைத்தான் அழிச்ச. நீ ஒட்டின வரி கிடக்குதே கா. சாளரம் திறக்கிற நேரமெல்லாம் அது தன்ட சொல்லைத்தான் சொல்லும்.”

அந்த வரியை நீக்கி, சாளரத்தை மூடித் திறந்து தட்டினேன். எழுத்துகள் ஒளிரத் தொடங்கின. அவர் விரல் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியது. கணினி சொன்னது: “முதுகில எறும்பு.”

சட்டையைத் தூக்கினேன். கதிரை மெத்தையின் மடிப்புக்குள்ளிருந்து சிவப்பெறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. முதுகு முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது. காலையிலிருந்து அவற்றின் மேல் சாய்ந்திருந்திருக்கிறார். நானும் நிமிர்த்தி நிமிர்த்தி மறுபடி அங்கேயே சாய்த்திருக்கிறேன்.

கழுவி, மருந்து பூசிக் கட்டிலில் கிடத்தினேன். திரையை அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் அவர் பொத்தானைத் தொடவில்லை. என்னிடம் கோபம் என்று நினைத்தேன். ஏசட்டும் என்று காத்திருந்தேன். விளக்கேற்றும் நேரம் கணினி பேசியது.

“நாளைக்கும் வேலை செய்யுமா?”

“ஓம்” என்றேன். எனக்குத் தெரியாது.

வேலை செய்தது. வரைபட மென்பொருளுக்கு மட்டும் அந்த மாறி தெரியும்படி ஒரு தனிக் கோப்பைச் சிநேகிதி பிறகு எழுதி அனுப்பினாள். நான் அதைத் திறக்கவில்லை. வரைபட வேலையை விட்டுவிட்டேன்.