லிஃப்ட்டுக்குள் மாட்டிய ராஜா நாடகம்

என் அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற வேலை. அவள் "நம்பர் பதினேழு!" என்று ஒரு குரல் விட்டால் பதினெட்டும் பத்தொன்பதும் சேர்ந்து எழுந்து நிற்கும். இந்தத் தொண்டையை வீணாக்கக் கூடாது என்றுதான் நாடகம் போட ஆரம்பித்தாள்.

மேடை மட்டும் அவளுக்கு ஆகாது. "தூரமா உக்கார வெச்சா கொட்டாவி விடுவாங்கடா. பக்கத்துல நிக்க வெச்சா அதுக்கும் கூச்சப்படுவாங்க" என்பாள். போன வருஷம் ஒரு நவீன நாடகத்தை முடிவெட்டும் கடையில் போட்டாள். வந்தவர்கள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் நாடகம் பார்க்க வேண்டும். கடைக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு பேருக்குக் கிராப் வெட்டிவிட்டார். பத்தாவது நிமிஷம், பார்க்க வந்திருந்த எங்கள் ஊர் நாடக வாத்தியார் துண்டை உதறிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் நாடகம் சொல்லிக்கொடுத்தவர். எந்த நாடகத்துக்கு வந்தாலும் பாதியில் எழுந்து போவார். விமர்சனம் என்று தனியாக எதுவும் சொல்ல மாட்டார். அக்காவுக்கு அது முள்ளாகத் தைத்தது.

இந்த வருஷம் ஒரு பழைய ராஜா கதை. எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டில். ஒரு தடவைக்கு ஆறு பேர் ஏறிக்கொள்ள வேண்டும், கூட அக்கா. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், வராந்தாவில் ஒரு காட்சி நடக்கும், கதவு மூடும். ஆறாம் மாடியில் ராஜா செத்துக் கிடப்பார். ராஜா என் அத்தான்; லிஃப்ட் மெக்கானிக். ஒத்திகையில் செத்த பிறகு மூக்கைச் சொறிந்ததால், "யாரு கூப்பிட்டாலும் அசையக் கூடாது" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

முதல் நடையிலேயே வாத்தியார் ஏறி, கதவை ஒட்டி நின்றுகொண்டார். நாலாம் மாடியில் நான் காவலாளி. துடைப்பக்கட்டையைத் தரையில் ஓங்கித் தட்டினேன், கதவு மூடியது, லிஃப்ட் பாதி ஏறி 'கடக்' என்று நின்றுவிட்டது.

"ஏங்க! லிஃப்ட் நின்னுடுச்சு! வந்து பாருங்க!" அக்காவின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

மேலிருந்து பதில் வந்தது. "நான் செத்துட்டேன்."

"எழுந்து வாங்க!"

"யாரு கூப்பிட்டாலும் அசையக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

நான் மாடியேறிப் போய் அத்தானைக் கெஞ்சி எழுப்பினேன். கிரீடத்தோடு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி மிஷின் ரூமுக்குப் போனார். நான் இறங்கி வந்து நாலாம் மாடிக் கதவில் காதை வைத்தேன்.

உள்ளே அக்கா நாடகத்தை நிறுத்தவில்லை. எல்லா வேஷத்தையும் தானே கட்டிக்கொண்டிருந்தாள். "ராஜா, உள்ளே வாங்க!"

"மந்திரி இப்படியாம்மா கூப்பிடுவான்? பல்லு பிடுங்கவா?" வாத்தியார் குரல்.

"அப்ப நீங்களே பேசுங்க சார்."

முப்பது வருஷமும் அவர் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவரே தவிர, ஒரு தடவைகூட நடித்ததில்லை. ஒரு செருமல் கேட்டது. பிறகு கிளம்பிய முழக்கத்தில் நான் கதவிலிருந்து காதை எடுத்துவிட்டேன். மிச்ச ஐந்து பேரும் படைவீரர்களாகிக் காலை உதைத்தார்கள். லிஃப்ட் கயிறு அறுந்துவிடப் போகிறது என்று நான் வெளியிலிருந்து கதவைத் தட்டினேன்.

ஒருவழியாக லிஃப்ட் நகர்ந்தது. பின்னாலேயே படியேறி ஓடினேன். ஐந்தாம் மாடியில் எங்கள் நாடகத்தின் மந்திரியான மருந்துக்கடைக்காரர் விஷக் குப்பியோடு காத்திருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் வாத்தியார்.

"நான்தாங்க மந்திரி."

"அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சு" என்று வாத்தியாரே கதவை மூடும் பொத்தானை அமுக்கிவிட்டார்.

ஆறாம் மாடியில் கதவு திறந்தபோது பிணத்தைக் காணோம். மிஷின் ரூமிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்த அத்தான், முகமெல்லாம் கிரீஸோடு, கையில் ஸ்பானரோடு அவசர அவசரமாகப் படுத்துச் செத்தார். ஆறு பேரும் கைதட்டினார்கள்.

வாத்தியார் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு நடந்த பதினோரு நடையிலும் ஏறி இறங்கினார்.

"முழுசா பாத்துட்டாருடா" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய போக வழியில்லாமத்தானே நின்னாரு?"

"முதல் தடவை சரி. அப்புறம் பத்து தடவை வழி இருந்துச்சே?"

மறுநாள் கட்டடச் சங்கச் செயலாளர் லிஃப்ட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்: 'இங்கு நடிக்கவோ, சாகவோ அனுமதி இல்லை.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "படிக்கட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையே சார்?" என்று வாத்தியாரைத் தேடித் திரும்பினாள். அவர் ஏற்கெனவே மூன்றாம் படியில் நின்று செருமிக்கொண்டிருந்தார்.