சேலத்திலிருந்து ஒரு மூக்கு லாரியின் பின்னால்

பெட்ரோலும் எலிப் புழுக்கையும் கலந்த நாற்றம். சேலத்தில் அந்த ஷெட்டின் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது அதுதான். அப்புறம்தான் லாரியே கண்ணுக்குத் தெரிந்தது... நீளமான மூக்கு, உருண்டை ஹெட்லைட், உரிந்துபோன பச்சை பெயிண்ட்.

என் வீட்டுக்காரர் அந்த மூக்கைத் தடவிக்கொண்டே நின்றார். கல்யாணத்தன்று என்னைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அவர் சவுதியில் வெகுகாலம் ட்ரெய்லர் ஓட்டியவர். நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து, வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. தேடித் தேடி இந்தப் பழைய லாரியைப் பிடித்தார். ஆர்.சி.யில் பேரும் மாற்றியாயிற்று. வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாக்கி.

"வேற வண்டியில ஏத்திக்கிட்டு வந்துடலாங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஓட்டுறதுக்குத்தான கலா வாங்குனேன்? சாமான் மாதிரி ஏத்திக்கிட்டுப் போவறதுக்கா?"

என் தம்பி பாபுவும் அவர் கட்சி. "நான் கூட ஒக்காந்துக்குறேன்க்கா. மாமாவ நான் பாத்துக்குறேன், நீ பயப்படாத."

பயப்படாமல் எப்படி இருப்பது? லாரியின் பின்னால் ஒரு லைட்டும் எரியவில்லை. வயரை எல்லாம் எலி கடித்து வைத்திருந்தது. அதனால் எங்கள் காரை எடுத்துக்கொண்டு, இண்டிகேட்டரை எரியவிட்டபடி நான் ஒட்டியே வர வேண்டும் என்று முடிவானது. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அதுவரை நான் கார் ஓட்டியதெல்லாம் கடலூரில் என் ஆபீசுக்குப் போய்த் திரும்புகிற தூரம்தான்.

கிளம்பினோம். லாரி போன வேகத்துக்கு மொபெட்டுகூட எங்களைத் தாண்டிப் போனது. அவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பாபு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டுவான். அந்தக் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆத்தூர் தாண்டி ரேடியேட்டர் கொதித்தது. நின்று, தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டுக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சிப் பக்கம் மறுபடியும் அதே கதை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டன், போட்டன்."

"நெஞ்சு எதாவது பண்ணுதா?"

"ஏம்மா... எஞ்சின் சூட பாப்பனா, என் சூட பாப்பனா? போய் வண்டிய எடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்த கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

உளுந்தூர்பேட்டையில் விருத்தாசலம் ரோட்டில் திரும்பும்போது வானம் கறுத்திருந்தது. மங்கலம்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்... பின்னாலிருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே வந்த ஒரு பஸ் என்னை ஓவர்டேக் பண்ணி, எனக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்துவிட்டது.

அவ்வளவுதான். கையும் தெரியவில்லை, லாரியும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்னால் லாரியின் ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு இல்லை. ஒரே இழுப்பாக, நிற்காமல்... பள்ளிக்கூடம் விட்ட நேரம். ரோட்டோரம் சைக்கிளில் போன பிள்ளைகள் எல்லாம் சடசடவென்று மண்ணில் இறங்குவதைப் பார்த்தேன். முன்னால் போன பஸ் சடாரென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். பஸ்ஸின் பம்பருக்கும் எனக்கும் ஒரு முழம்கூட இருந்திருக்காது.

ஹார்ன் சத்தம் நின்றுவிட்டது.

காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஒற்றைச் செருப்பு எங்கேயோ கழன்றுபோனது. "ஸ்டென்ட்... ஸ்டென்ட்..." என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேனாம். பாபு பிறகு சொன்னான்.

யாரோ வீடு கட்டுவதற்காக ரோட்டோரம் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு லாரி நின்றது. அவர் கீழே இறங்கி, மட்கார்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"பிரேக் போயிடுச்சுக்கா! மிதிச்சா அப்படியே உள்ள போவுது. கியர கொறச்சி, ஹேண்ட்பிரேக்க இழுத்து, மாமாதான் மணல்ல வுட்டாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலக்கா" என்று பாபு மூச்சுவிடாமல் பேசினான்.

திட்டுவதற்குக் காலையிலிருந்து எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர். "வண்டி இங்கயே கெடக்கட்டுங்க, நான் பாத்துக்குறேன். முதல்ல ஐயாவ கூட்டிக்கிட்டுப் போங்கம்மா" என்றார்.

காரை நான்தான் ஓட்டினேன். விருத்தாசலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டிலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்:

"பிரேக் போனதுக்குக்கூட நான் பயப்படல கலா. காலைலேர்ந்து கண்ணாடியில ஒன் காரத்தான் பாத்துக்கிட்டு வந்தன். அந்த பஸ்ஸு நடுவுல வந்ததும் நீ தெரியல... அப்பதான் எனக்கு கையே ஓடல."

வைப்பரை இன்னும் வேகமாக வைத்தேன்.

அடுத்த வாரம் லாரி இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தது. அவரே போய் ஏற்றிக்கொண்டு வந்தார். இப்போது பிரேக் புதுசு, லைட் எல்லாம் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகர் வரை ஒரு ரவுண்டு போய் வருவார். காலேஜ் பசங்க செல்ஃபி எடுப்பார்கள். பாபு மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறான்.

நானும் இப்போது சென்னை வரைக்கும் தனியாகவே ஓட்டிக்கொண்டு போகிறேன். பயம் எல்லாம் போயே போய்விட்டது. கிளம்பும்போது அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "போய்ட்டு வா" என்கிறார்.

நல்லதுதான். ஆனால் சில நாள், ஹைவேயில் முன்னால் ஏதாவது ஒரு லாரி மெதுவாகப் போனால்... ஓவர்டேக் பண்ண இடம் இருந்தும், கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே போகிறேன்.