அமாவாசையில் ஓடிய கம்ப்யூட்டர்

ஆரணியில் எங்கள் வீட்டில் அமாவாசை அன்று தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் பின்கட்டில் அண்ணனுடைய விசைத்தறிகள் இரண்டு ஷிப்டும் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் நான் புள்ளியியல் படித்து முடித்தேன். முடித்ததும் வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, கல்யாணம் எப்போது என்பதுதான்.

சென்னையில் ஒரு கம்பெனி, சர்வே தகவல்களை வீட்டிலிருந்தே அலசிக் கொடுக்க ஆள் தேடியது. அது கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம், யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். அவர்கள் அனுப்பும் சி.டி.யை என் கம்ப்யூட்டரில் ஓட்டி, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெஞ்ச்மார்க் என்று பெயர்.

"இன்னாது, பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வெக்கிறாங்களா?" என்று அண்ணன் சிரித்தான்.

"நெறைஞ்ச அமாவாசைல ஆரம்பிம்மா" என்றாள் அம்மா.

எனக்கும் சரியென்றே பட்டது. தறி நின்றிருக்கும், நிம்மதியாக உட்காரலாம். தலைக்குக் குளித்துவிட்டு வந்து, தேவையில்லாத புரோகிராம்களையெல்லாம் மூடிவிட்டு ஓட்டினேன். பெரிய பெரிய அட்டவணைகளை வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு தடவைகூட முரண்டு பிடிக்காமல் முடித்தது. சந்தேகத்துக்கு மறுபடியும் ஓட்டினேன். அதே நேரம். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. வேலையும் கிடைத்தது.

முதல் ஃபைல் வந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணக்கு பாதி போவதற்குள் விளக்கு மங்கியது, யூ.பி.எஸ். கத்தியது, கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் இருட்டு. தறியும் கம்ப்யூட்டரும் ஒரே லைனில் இருந்தன. தறி இழுத்தது போக மிச்சம் மீதிதான் எனக்கு.

"அண்ணா, கொஞ்ச நேரம் தறிய நிறுத்துண்ணா. இத்த முடிச்சுக் குடுத்துர்றேன்."

"இன்னா வெளையாடுறியா? ஆளுங்கள சும்மா உக்கார வெக்கணுமா? உன் பொம்மை ஓடிகினு இருந்தா இன்னா, நின்னா இன்னா?"

எத்தனையோ முறை கெஞ்சினேன். கெடு தாண்டியது. கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"டெஸ்ட்ல நல்லா ஓடிச்சுன்னு சொன்னீங்களே, மேடம்?"

"அன்னிக்கு அமாவாசைங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. நான் பொய்க்கணக்கு கொடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தறியைப் பற்றி நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பேசியவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஃபைல் எதுவும் வரவில்லை. கடைசியில் பெஞ்ச் மேல் நின்றது நான்தான்.

அப்புறம் செய்யாருக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஷிப்டில் எத்தனை பெட்டி வெளியே போனது என்று கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை. நான் படித்த படிப்பில் கூட்டல் மட்டும் அதற்குப் போதுமாக இருந்தது.

சில வருஷம் கழித்து, புடவை டிசைன் போட அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். பார்க்க வந்த வியாபாரிகளுக்கு நான் காபி கொண்டுபோனபோது அவன் விளக்கிக்கொண்டிருந்தான்.

"தறி ஓடுற லைன்ல இத்த வெக்கக்கூடாதுங்க. கரண்ட் எறங்குச்சுன்னா செஞ்சதெல்லாம் பூடும்."

டம்ளரை நங்கென்று வைத்தேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனி லைன் இழுப்பதற்காக அன்று முழுக்கத் தறிகளை நிறுத்தியிருந்தான். அமாவாசைகூட இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை.