மகளின் குழாயும் என் மண்வெட்டியும்

வேளாண்மைக் கல்லூரியில் பயிரைச் சாகடிக்கவும் ஒரு பாடம் உண்டு, என் மகள் அதில்தான் முதல் மாணவி என்று நான் மனதார நம்பினேன்.

கடைசி வருடப் படிப்பில் ஊரில் தங்கி வேலை பார்க்க வேண்டுமாம். கொட்டாரத்துப் பக்கம் எங்கள் வாய்க்காலில் ஒன்பது வயல். தலைப்பில் இருக்கும் எங்களுக்குத் தண்ணீர் தளும்பும். கடைசி வயல்காரருக்கு ஈரம்கூட எட்டாது. அவள் ஒன்பது பேரையும் உட்காரவைத்துப் பேசினாள். நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டாம், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் எல்லோருக்கும் போய்ச்சேரும் என்றாள். முறை வைத்துப் பாய்ச்சுவது, முறையை மீறியவனுக்கு அடுத்த முறை கிடையாது என்று முடிவானது.

"நீயே பாத்துக்கோ பிள்ளே" என்று பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். கைதட்டலில் என் கைதான் உரக்கக் கேட்டது.

"மொதல்ல எங்க வயலக் காயப்போடுகேன்" என்றாள். என் கை அந்தரத்தில் நின்றது.

வயலில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் புதைத்தாள். அதற்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கினால்தான் பாய்ச்ச வேண்டுமாம். நான் குழாயையா பார்த்தேன்? மண்ணைப் பார்த்தேன். நாலாம் நாள் மயிரிழை கனத்துக்கு ஒரு வெடிப்பு. என் கண்ணுக்கு அது கிணறு. தினம் மூன்று தடவை போய் நின்றேன்.

"நீங்க போறதப் பாத்தா ஆஸ்பத்திரில ஆளப் பாக்கப் போற மாரி இருக்கு. ரெண்டு ஆரஞ்சு வாங்கிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குத் தண்ணீர் முறை கடைசி வயல்காரருடையது. வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்தேன். மனைவியும் மகளும் ஆராதனைக்குப் போனதும் வலி பறந்தது. மண்வெட்டியோடு ஓடி வாய்க்கால் கரையை வெட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று என் வயலுக்குள் பாய, நானும் கூடவே குதித்தேன்.

"என்ன வேய், இன்னைக்கு ஆராதனை வரப்புலயாக்கும்?"

கடைசி வயல்காரர். தண்ணீர் வராததைப் பார்த்து வாய்க்காலோடு நடந்து வந்திருக்கிறார். மண்வெட்டியை ஒளிப்பதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"பிள்ளே, தண்ணிக் கள்ளன் ஒருத்தனப் பிடிச்சிருக்கேன். ஒனக்க அப்பாவாக்கும்."

ஆராதனை முடிந்த கையோடு வந்தாள். பின்னாலேயே மற்ற வயல்காரர்கள். பால் குடித்த திருட்டுப்பூனைபோல் நான் வெட்டிய இடத்தை அடைத்துவிட்டு நின்றேன். அவள் இன்னும் தண்ணீர் பாயாத மேட்டுப்பக்கம் போனாள். குழாய் அங்கேதான் இருந்தது.

"அப்பா, கைய உள்ள விடுங்க."

விட்டேன். நாலு விரல் ஆழத்திலேயே தண்ணீர் ஜில்லென்று தொட்டது. பயிர் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தாகம் எனக்குத்தான்.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்பனை விட்டால் நாளைக்கு ஒருவனும் முறைக்கு அடங்கமாட்டான். அவளுக்கும் தெரியும். குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அடுத்த மொறை எங்களுக்குக் கெடையாது."

"மக்களே, வயிறு வலிச்சுது..." என்றேன் மகளிடம்.

"இனிதாம்ப்பா வலிக்கும்."

அடுத்த முறை எங்கள் மடை திறக்கவில்லை. அந்தக் கும்பப்பூ போகத்தில் எங்கள் வயல் வழக்கம்போல் விளைந்தது. கடைசி வயலும் விளைந்தது. மறு போகத்துக்கும் முறை பார்க்க அவளையே வைத்தார்கள்.