தலையாட்டினாலும் நம்பாதே

போன ஆடி மாதம், திண்டுக்கல்லில் நடந்தது இது. எனக்கு அல்சைமர் நோய், ஆரம்ப நிலைதான் என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எரியோடு பக்கம் நான் மிதிக்காத வரப்பு இல்லை. இப்போது நாகல் நகரில் என் வீட்டுக்குப் போகும் சந்தே சில நாள் குழப்புகிறது. ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை என்பான் என் மகன்.

அவன்தான் போனில் எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தான். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று, இங்கே ஒரு ஓட்டல் மாடியில் முகாம் போடுகிறதாம். ஸ்டெம் செல் சிகிச்சை. நம் இடுப்பெலும்பிலிருந்தே செல்லை எடுத்து, முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டால், மூளையில் பட்டுப்போனதெல்லாம் துளிர்க்குமாம். சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ரொம்ப நாளாக நான் பார்க்காத சிரிப்பு. அதற்காகவே நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாடி முழுக்கக் கீழே வேகிற பிரியாணி வாசம். அங்கிருந்த இளம் டாக்டர் பேசியதெல்லாம் என் மகனிடம்தான். அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா, அம்மா நன்றாகத் தூங்குகிறார்களா என்று. அம்மா இங்கேதான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நோயாளி நானு. என்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

நல்ல பிள்ளை. நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருடம் விவசாயிகளிடம் பேசிய பேச்சையே அவரிடமும் பேசினேன். புது விதை வந்தால் ஒரு பாத்தியில் அதைப் போடுவோம், பக்கத்துப் பாத்தியில் பழைய விதை. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். அப்படி ஒத்துப் பார்க்காத விதையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. "ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் அப்படி ஒத்துப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "இல்லம்மா. அந்த மாதிரி ஆராய்ச்சி அங்கங்க நடந்துக்கிட்டிருக்கு. இன்னும் முடிவு தெரியல. இங்க நாங்க செய்யிறது அது இல்ல" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்லி எழுந்துவிட்டேன்.

கீழே இறங்கியதும் மகன் வெடித்தான். "சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா? போட்டுத்தான் பாப்பமேம்மா, என்ன போயிரும்?"

"ஏலே, குத்தப்போறது என் முதுகுல" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். அழுதுவிட்டான். தலை நரைக்கத் தொடங்கிய ஆம்பிளை, நடுரோட்டில், ஆட்டோக்காரர்கள் பார்க்க அழுகிறான். ஒரு நிமிடம், சரி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நம்ம டாக்டரே பாத்து, முறையான ஆராய்ச்சி, ஆள் வேணும்னு சொன்னா என் பேரை மொதல்ல குடு. வாரேன். இந்த மாதிரி ஊசி வேண்டாம். இன்னொன்னும் கேட்டுக்க, அப்பு. கொஞ்ச வருசம் போனா யாரு எதைக் கேட்டாலும் நான் சரின்னு தலையாட்டுவேன். அதை நம்பாத. இன்னிக்குச் சொல்றேன் பாரு, இதுதான் உங்கம்மா சொல்றது."

"சரிம்மா" என்றான். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

விஞ்ஞானம் ஒருநாள் இந்த நோயை மடக்கிவிடும் என்று இன்றும் நம்புகிறேன். அதற்குள் அந்த முகாமும் அந்த ஆட்டோவும் என் நினைவிலிருந்து போய்விடலாம். ஆனால் எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை என் வாயாலேயே சொல்லி, அதைக் காப்பாற்ற என் பிள்ளையையும் காவலாக நிறுத்திவிட்டேன் என்பதால், வரப்போகும் நாட்களை நினைத்து எனக்குப் பயமில்லை.